சாம்பலைப் பச்சை குத்துதல்

மழையோடு வந்தார்.
பூட்ஸ் நுனியில் காய்ந்த பெயின்ட்.
அடெரிட்டு, வயது ஐம்பத்தாறு,
போர்ட்டோ நகராட்சியில் சுவர் அழிப்பவர்.
இதுவரை உடம்பில் ஏறிய ஊசியெல்லாம்
ஆஸ்பத்திரி ஊசிதானாம்.

"ஒரு பெயர் வேண்டும். வெஸ்கோ."

சிரித்துவிட்டேன்.
காம்பன்யா தண்டவாளத்தோரம் வளர்ந்த
எவளுக்குத் தெரியாது அந்த மாறுகண்ணனை?
பாலத்தடியில், மின்பெட்டியில், மீன்கடை ஷட்டரில்,
சரக்கு ரயிலின் விலாவில்
எங்கும் அவன் ஐந்தெழுத்து.
ஆளைத்தான் யாரும் பார்த்ததில்லை.

பதினோரு வருடம் அவன் எழுதினான்,
பதினோரு வருடம் இவர் அழித்தார்.
ஞாயிறு இரவு அவனுடையது
திங்கள் காலை இவருடையது.
போன அக்டோபரில் நின்றுபோனது.
"சுரங்கப்பாதைச் சுவர்
ஏழு மாதமாய் நான் பூசினபடியே கிடக்கிறது.
செத்தானோ, கட்டிக்கொண்டானோ,
லக்ஸம்பர்க்கில் செங்கல் அடுக்குகிறானோ..."
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்தார்.

புகைப்படம்?
இல்லை.
அலுவலகத்தில் இருப்பது
எத்தனை சதுர மீட்டர் என்ற கணக்கு மட்டும்.

சரி, வரைந்தேன்.
ஊதிப் பெருத்த எழுத்துகள்,
விளிம்பில் மினுக்கு, அடியில் நிழல்,
நிழலிலிருந்து நாலு சொட்டு.
எல்லோரும் காசு கொடுத்துக் கேட்கும் சாமான்.
மளிகை ரசீதைச் சரிபார்ப்பவர்போல் பார்த்தார்.

"சொட்டு வேண்டாம்.
தயங்கி நிற்பவன் கைதான் ஒழுகும்.
இவன் நடந்துகொண்டே எழுதுவான்."

எழுந்து நின்றார்.
இல்லாத ரோலரைப் பிடித்துக்கொண்டு
என் கடைச் சுவரில் காற்றைப் பூசினார்.
"மற்றவர்களை மூன்று இழுப்பில் மூடிவிடலாம்.
இவனுக்கு ஐந்து.
கடைசி வட்டத்தின் வால் மேலே ஓடும்,
அதற்கு நான் எம்பணும்.
என்னைவிட ஒரு சாண் உயரம் அவன்.
இடது கைக்காரன். குறுக்குக்கோடு
வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் மெலியும்."

அழித்த கை சொல்லச் சொல்ல
எழுதும் கை கேட்டுக்கொண்டது.
இரண்டாம் தாள், மூன்றாம் தாள்,
நாலாவதைக் கசக்கினேன்,
ஐந்தில் தேநீர் கொட்டியது.
ஆறாவதில் அவர் பேசவில்லை.
கழுத்தைச் சாய்த்து
ரயில் வருகிறதா என்று பார்ப்பவர்போல்
வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இதுதான். ஆனால் முதலில் என் சாம்பல்."

எந்தச் சுவரோடும் ஒட்டாத
அந்த நகராட்சிச் சாம்பல்,
ஓரம் நேரில்லாத ஒரு கட்டம்.
சாம்பலைப் பச்சை குத்தச் சொல்கிறார்!
ஆறினால் கன்றிய காயம்போல் தெரியும் என்றேன்.
தெரியட்டும் என்றார்.
கறுப்பு அடியில் போனால் காணாமல் போகும்,
எது மேலே என்று சொல்லுங்கள் என்றேன்.

வெகுநேரம் கழித்து,
"அவன் மேலே. நான் கீழே.
எப்போதும் நான்தானே கடைசி."

டிரேசிங் தாளை
ரோலர் பிடிக்கும் வலது புஜத்தில் ஒட்டிக் காட்டினேன்.
கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவர்
வாலின் நுனியில் நின்றார்.
"இங்கே மட்டும் என் சாம்பல் ஏறியிருக்கிறதே?"
"நீங்கள் இன்னும் வேலையில்தானே இருக்கிறீர்கள்."
மூக்கால் சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

முன்பணம் நாற்பது யூரோ.
வியாழன் மூன்று மணி, சாப்பிட்டுவிட்டு வரணும்.
வெயில் படக்கூடாது, பெயின்ட் தெறிக்கக்கூடாது,
பதினைந்து நாள் ரோலரைத் தொடவே கூடாது.

"அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்,
மேலதிகாரிக்குக் காட்டணும்."

தேநீர்க் கறை பட்ட
ஐந்தாம் தாளின் பின்பக்கத்தில்
எழுதிக் கொடுத்தேன்.