இருபது நிமிடத்துக்கு ஒரு முறை

எனக்கு மதிப்பெண் போட்டவர்கள் எல்லோரும்
ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.
ட்ரொம்ஸோவில் நவம்பர் கடைசி வாரம்.
பகல் பதினொன்றுக்கே ஜன்னல் நீலம் பாரித்துக் கிடக்கிறது.
சைகைமொழி பெயர்ப்பாளர்களை உருவாக்கும் பள்ளிகளின்
தலைவர்கள் பதினொரு பேர்.
அவர்களுக்கு நடுவே
மொழிபெயர்க்க வந்தவள் நான்.

சமையல்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பரிமாறப் போகிறோம்
என்றான் காலையில் எஸ்கில்.
அவன் என் ஜோடி.
இருபது நிமிடம் நான், இருபது நிமிடம் அவன்.
முதலில் களைப்பது கையல்ல, மூளை என்று
எங்களுக்குச் சொன்னதும் இந்த மேசைதான்.

பேச்சு மூன்றாம் ஆண்டைப் பற்றி.
பணமில்லை, இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்கிறார்
டோர்கைர் ஹவுக்லான்.
'நான் நினைக்கிறேன்' என்று
என் மார்பைத் தொடுகிறது என் விரல்.
நான் அப்படி நினைக்கவில்லை.
என்ன செய்வது,
'நான்' இன்று வாடகைக்குப் போயிருக்கிறது.

பயிற்சி நேரம் முந்நூறு மணி என்றார்.
மூவாயிரம் என்று காட்டிவிட்டேன்.
பதினொரு பேனாக்களும் ஒரே கணத்தில் நின்றன.
கையும் களவுமாகப் பிடிபடுவது என்பதற்கு
இதைவிடப் பொருத்தமான இடம்
இந்த உலகத்தில் கிடையாது.
திருத்தினேன். 'பெயர்ப்பாளரின் பிழை.'
ஹ்ராஃப்ன்ஹில்டுர் மட்டும்
தலையைக் குனிந்து சிரித்தாள்.
(பிழையை ஒப்புக்கொள்ளும் பாடம் அவளுடையது.)

பிறகு சுன்னிவா கையை உயர்த்தினாள்.
பிறந்ததிலிருந்து காது கேளாதவள்,
பள்ளிகளில் பழைய பள்ளியை நடத்துகிறவள்.
அவள் கைகள் பேச
என் வாய் சொன்னது:

'என் மார்பில் ஒரு கட்டி இருந்தது.
காத்திருந்து பார்க்கலாம் என்றார் மருத்துவர்.
இரண்டே ஆண்டு படித்த ஒரு பையன்
எனக்குக் காட்டியது: காத்திருக்கிறது.
எது காத்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.
மூன்று வாரம் அது
என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.'

என் குரலில் அவள் மார்பு.
தண்ணீர் குடிக்கவும் தோன்றவில்லை.

அப்போது மின்சாரம் போனது.

ஜன்னலின் நீலம் எந்தக் கைக்கும் போதவில்லை.
ஆனால் பேச்சு நிற்கவில்லை.
'வந்துவிடும், வந்துவிடும்' என்றது ஒரு குரல்.
'வருத்தமான சம்பவம்தான், இருந்தாலும்' என்றது
டோர்கைரின் குரல், தடையே இல்லாமல்.
துறையின் தலைவர்கள், பாடத்திட்டம் எழுதியவர்கள்,
இருட்டில்
காதை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள்.

மேசைக்கு மேல் தடவி வந்த ஒரு கை
என் மணிக்கட்டைப் பிடித்தது.
என் உள்ளங்கைக்குள் ஒரு கேள்வி:
பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களா?
ஆமாம்.
என்னைப் பற்றியா?
விட்டுச் சொல்லவும் கூடாது, கூட்டிச் சொல்லவும் கூடாது.
கொஞ்ச நேரம் உன்னைப் பற்றி, என்று எழுதினேன்.
இப்போது மதியச் சாப்பாடு பற்றி.
அவள் தோள் குலுங்கியது.
சிரிப்பா என்று
இருட்டில் எப்படிச் சொல்வது?

நான்கு நிமிடம். விளக்கு வந்தபோது
டோர்கைரின் வாய் ஒரு சொல்லின் பாதியில் திறந்திருந்தது.
எங்கள் கைகள் மேசைமேல் கோத்திருந்ததை
முதலில் பார்த்தவர் அவர்தான்.
வாயை மூடினார்.
மூடிய பிறகு
என்ன செய்வதென்று தெரியாமல்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

'இருட்டில் பேசியதைக் குறிப்பேட்டில் எழுதவேண்டாம்'
என்றாள் சுன்னிவா, என் குரலில்.
'இல்லை, எழுதுங்கள்.
நேரத்தோடு எழுதுங்கள்.'

எஸ்கில் என் முழங்கையைத் தட்டினான்.
என் முறை முடிந்து பத்து நிமிடமாகியிருந்தது.
நடைபாதையில் நின்றேன்.
உள்ளங்கையில் அவளுடைய களிம்பு வாசனை,
கொஞ்சம் கற்பூரம்.

மூன்றாம் ஆண்டு பிழைத்ததா என்று கேட்காதீர்கள்.
இடையில் நின்று கேட்டதை
வெளியே சொல்லக் கூடாது என்பது
முதலாண்டு, முதல் வாரப் பாடம்.
இவ்வளவு சொன்னதே
பெயர்ப்பாளரின் பிழை.