பதினாலு பல்

வெளியே உறைபனி. வண்டி சமையலறைக்குள்,
காஸ் சிலிண்டரை ஒட்டி.
பூட்டு வாஷரின் காதை உளியால் நிமிர்த்தியாயிற்று.
ஸ்பானரில் குழாயைச் சொருகி
முழு எடையோடு தொங்கினேன்.
நட் அசையவில்லை, சக்கரம்தான் உருண்டது.

பின் பிரேக்கை மிதிக்க ஒரு கால் வேண்டும்.
எல் ஆல்ட்டோவில் இந்நேரம் விளக்கெரிவது
மாடியில், எவாரிஸ்தோ வீட்டில்.
மார்ச்சிலிருந்து பேச்சில்லை. தண்ணீர் பில்.

தட்டினேன். கம்பளியோடே இறங்கி வந்தான்,
ஏறி உட்கார்ந்து மிதித்தான்.
டக்.
எலும்பு யாருடையது என்று
இருவரும் பார்த்துக்கொண்டோம்.

பழைய பல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
கொக்கி கொக்கியாய்.
பதினைந்தைக் கழற்றிப் பதினாலு:
வேகத்தில் கொஞ்சம் விட்டு
ஏற்றத்தில் வாங்கிக்கொள்வது.
"லா பாஸிலிருந்து ஏறவா?"
"ம்."

கை கழுவக் குழாயைத் திறந்தவன்
சட்டென்று மூடினான்.
திற, எவாரிஸ்தோ.
இது என் கணக்கு.