ஒன்பது நாற்பது

ப்ர்னோ நகரம், நான்காம் மாடி.
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தால்
அந்த இடத்தில் ஒரு மலைப்பாதை விரியும்.
காப்பி கலக்கும் குச்சிகளே சிலிப்பர் கட்டைகள்.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கிள்ளிச்
சாயமேற்றிய காடு.

இரவு ஒன்பது நாற்பதுக்குச் சரக்கு வண்டி.
அது பாலம் ஏறியதும்
கீழ்வீட்டு சப்லெத்தால்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார்.
மூன்று இடி. தவறியதில்லை.

திங்களன்று இஞ்சின் முனகி நின்றது.
கழற்றினேன்: அச்சில் சுற்றிய ஒரு முடி,
நரைத்தது, என்னுடையதுதான்.
கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்திருந்தது.
புதியது ஓலமோட்ஸிலிருந்து வரவேண்டும்,
ஆறு நாள்.

நான்காம் இரவு கதவு தட்டப்பட்டது.
ஒற்றைக் காலில் மட்டும் காலுறை,
கையில் அதே துடைப்பம்.
"ஒன்பது நாற்பது
ரத்தா?"

தாமதம் என்றேன்.
எவ்வளவு என்று கேட்டார்.
இரண்டு நாள் என்றதும்
ரயில்வேயைத் திட்டுகிற குரலில்
ஏதோ முணுமுணுத்துப் படியிறங்கினார்.

இன்று,
பொம்மைப் பயணி ஒருவனின் குடையை நறுக்கி
பழைய பல்துலக்கியின் நான்கு நார்களை
அந்தக் காம்பில் ஒட்டினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால்
பாலத்துக்கு அடியில் நிறுத்தினேன்.

அண்ணாந்து பார்க்கிறார்.
பசை இன்னும் காயவில்லை.