மடிக்கான களிம்பு

நைவாஷா. ஜனவரியின் கடைசி ஞாயிறு.
நாளை முதல் காதலர் தினம் வரை
பன்னிரண்டு மணி நேர வேலை.

பொசாபேரி கதவைச் சாத்திவிட்டு
வாளித் தண்ணீரில் கைகளை ஊறவிடுகிறாள்.
சும்மா.
துவைக்க ஒன்றும் இல்லை அதில்.

பச்சை டப்பா. மூடியில் பசு.
கறவை மாட்டு மடிக்கென்று விற்கும் களிம்பு;
மனிதத் தோல் கோபித்துக்கொள்வதில்லை.

கட்டைவிரலில் தொடங்குகிறாள்.
போன வருடத்து முள் இன்னும் உள்ளேதான்,
அழுத்தினால் ‘இருக்கிறேன்’ என்கிறது.
சுண்டுவிரலுக்கு வேலை குறைவு,
அதனால் அதை யாரும் விசாரிப்பதில்லை.
இன்று அதற்கும் ஒரு சுற்று.

“யார் வரப்போகிறார்கள், இத்தனை மினுக்கு?”
தகரச் சுவருக்கு அப்பால் க்வம்போகா சிரிக்கிறாள்.
“திங்கட்கிழமை.”

பண்ணையில் ரோஜாக்களுக்குக் குளிரறை உண்டு,
தண்ணீரில் மருந்து, தலைக்கு அட்டைக் காலர்.
ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேரும்வரை
யாரும் அவற்றிடம் குரல் உயர்த்துவதில்லை.

முழங்கை வரை தடவியாயிற்று.
இனி விளக்கை அணைக்க முடியாது,
சுவிட்சு வழுக்கும்.
எரியட்டும்.

இரண்டு கைகளையும்
மடிமேல் மல்லாத்தி வைத்து,
அவை குடிப்பதைப்
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.