இப்போது இழைக்க வேண்டாம்

பதினொரு ஜன்னல். ஏழில் பேனா முனை இறங்கியது.
பழைய பெயிண்டுக்குக் கீழே
டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி மரம்.
வீடு வாங்கிய ஆறாம் வாரம்
மாரிட்ஸ்பர்க்கின் நவம்பர் மழை
சாப்பாட்டு மேசைவரை வந்து பார்த்துவிட்டுப் போனது.

பூபாலன் அலுமினியம் என்றான்.
துடைத்தால் போதும், உளுக்காது,
திருட்டுக் கம்பியோடு சேர்த்தே தருவார்கள்.
நூறு வயதுச் செங்கல் முகத்தில்
எவர்சில்வர் பல் கட்டுவாயா என்று கேட்டேன்.
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.
மூன்று விலைச் சீட்டுகள் ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழே.
மெராந்தி நடுவில் இருந்தது.
நடுவில் இருந்ததாலேயே
இருவருக்கும் பிடிக்கவில்லை.

நான் கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதுகிறவள்.
வாய்ச்சொல் ஆகாது, ரசீது வேண்டும்.
மாதிரித் துண்டுகளில் ஆளுக்கோர் ஆணி அடித்து
ஒழுகும் சமையலறைக் குழாயடியில் போட்டேன்.
காலையில் ஓக் துண்டில்
ஆணியைச் சுற்றி நீலக் கறுப்பு,
யாரோ இரவெல்லாம் எழுதி
எழுதியதைக் கையால் அழித்த மாதிரி.

தச்சர் பெகிசிஸ்வே ம்கிஸே
நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.
வைத்தேன். கடுக்காய்.
அதே துவர்ப்பு, வாயைப் பிடித்து இழுக்கும் அதே இறுக்கம்.
இரும்பு பட்டால் மை ஊறும்,
பித்தளைத் திருகாணி மட்டும் என்றார்.
கேப் பக்கத்து ஓக் வேண்டாம்,
வெயிலில் அவசரப்பட்டு வளர்ந்தது, குழல் குழலாய்த் தண்ணீர் குடிக்கும்.
குளிரில் மெதுவாக வளர்ந்தது கப்பலில் வரும்.

பூபாலன் தொகையைப் பார்த்தான்.
மரத்துக்கு ஜாதகமும் பார்த்துவிடலாமே என்றான்.
அது மட்டும் சொல்லவில்லை.
நானும் சும்மா இருக்கவில்லை.
மீதி இங்கே வேண்டாம்.

ஏழும் ஓக், என் பங்குப் பணத்தில்.
கப்பல் வரும்வரை வீட்டில்
தேவையான சொற்கள் மட்டும் நடமாடின:
உப்பு. சாவி. கேட்டைப் பூட்டினாயா.

பிப்ரவரியில் சட்டங்கள் வந்து இறங்கின.
சனிக்கிழமை அவனாகவே
ஆளிவிதை எண்ணெய் டின்னைத் திறந்தான்.
மரத்தின் வாய் அதன் வெட்டு முனையில் இருக்கிறது,
அங்கே மூன்று முறை, அது போதுமென்று சொல்லும்வரை.
அவன் ஒரு முனையிலிருந்து, நான் மறுமுனையிலிருந்து.
நடுவில் கைகள் வந்து சேரும்போது
யாராவது ஒருவர் துணியை மாற்றப் போய்விடுவோம்.

அந்தத் துணிகளைச் சுருட்டி வாளியில் திணித்து
மூடியும் போட்டிருந்தது.
யார் போட்டது என்று
இன்றுவரை இருவரும் கேட்பதில்லை.

இரவு மின்வெட்டு. தெரு முழுக்க இருட்டு.
கராஜ் கதவிடுக்கில் மட்டும் ஒரு சிவப்பு.
தீக்குச்சி இல்லை. கம்பி உரசவில்லை. ஆள் போகவில்லை.
எண்ணெய் காயும்போது சூடு விடும்,
சூட்டுக்கு வழி இல்லையென்றால் துணி தானே பற்றும் என்று
டின்னின் முதுகில் எறும்பெழுத்தில் எழுதியிருக்கிறது.
மறுநாள் படித்தோம்.

அவன் வாளியை வெறுங்கையால் தூக்கிப் புல்லில் எறிந்தான்.
நான் தோட்டக் குழாயோடு, ஒற்றைச் செருப்போடு.
புகை அடங்கியதும்
அவன் உள்ளங்கையை என் டார்ச்சில் பார்த்தேன்.
எரியுதா?
கொஞ்சம்.
காட்டு.

காலையில் மிச்சத் துணிகளை
ஒவ்வொன்றாக உதறி விரித்துக் கொடியில் போட்டோம்.
பக்கத்து வீட்டு ஷர்லி வேலிமேல் எட்டி,
துவைத்தா காயப்போடுகிறீர்கள் என்றாள்.

இப்போது ஆறு ஜன்னல்கள் விரலால் தள்ளினால் மூடும்.
படுக்கையறை ஜன்னல் மட்டும்
ஈரத்தில் உப்பி, ஒரு விரல் அளவு திறந்தே நிற்கிறது.
இழைப்புளி கேட்டோம். ம்கிஸே தலையாட்டினார்.
இப்போது இழைத்தால் ஜூனில் காற்று வரும்.
வறண்ட மாதம் வரட்டும், மரம் திரும்பிப் போகும்,
போகாவிட்டால் கூப்பிடுங்கள்.

இரவில் அந்த இடுக்கு வழியே தவளைச் சத்தம்,
நனைந்த செங்கல் வாசனை, ஒன்றிரண்டு கொசு.
பூபாலன் தன் பழைய சாக்ஸை
அதில் செருகி வைத்திருக்கிறான்.
அசிங்கமாகத்தான் இருக்கிறது.
நான் எடுக்கவில்லை.