மான் தின்ற பதினொரு சீட்டு

கோட்டை வாசலில் லொத்தர் விற்கிறேன்.
மேலே கோணேசர், கீழே நான்,
நடுவில் ஏறி இறங்குகிற சனம்.
ஏறும்போது ஒருவரும் வாங்க மாட்டார்கள்.
இறங்கும்போது வாங்குவார்கள்,
மேலே கேட்டுவிட்டு வந்த சூட்டோடு.

ஹிசாயே அப்படி இறங்கி வந்தவள்.
முழங்காலில் பட்டி, வெள்ளைத் தொப்பி,
கையில் மடிப்பு மடிப்பாய் ஒரு கொப்பி.
போன கோயிலுக்கெல்லாம் ஒரு பக்கம்:
சிவப்பு முத்திரை, கறுப்பு மை.
கோணேசரிடமும் கேட்டாளாம்.
முத்திரை இல்லையென்று ஐயர்
வெறும் பக்கத்தில்
திருநீற்றைப் பூசி அனுப்பிவிட்டார்.
கடற்காற்று அதைக் கொண்டுபோகாமல்
கொப்பியைத் தட்டுப்போல ஏந்தி நின்றாள்.

பையிலிருந்து ஒரு தெய்வத்தை எடுத்துக் காட்டினாள்.
அதிர்ஷ்டத்துக்கு இவதானாம்,
ஓட்டோ நிஸ்தார் அரைகுறையாய்ச் சொன்னான்.
மடியில் வீணை மாதிரி ஒன்று.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அட, எங்கட சரசுவதி!
இங்கே நவராத்திரிக்குப் புத்தகம் மட்டும் பார்க்கிறவ,
அங்கே போய்க்
காசுக் கணக்கையும் எடுத்திருக்கிறா.

தீப்பெட்டி அளவில் ஒரு பட்டுப் பை தந்தாள்.
பிரிக்கக் கூடாது,
பிரித்தால் உள்ளே இருப்பது போய்விடும்.
ஒரு வருஷம்.
பிறகு அதே கோயிலில் கொடுத்து
எரிக்க வேண்டும்.

நான் விற்பது சுரண்டிப் பார்க்கிற அதிர்ஷ்டம்.
காசு விளிம்பால் சுரண்டி, ஊதி,
இல்லையென்று கண்டு
என் காலடியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்.
பின்னேரம் கூட்டுவது நான்.

அவளும் ஒன்று வாங்கினாள்.
சுரண்டவில்லை.
பசை எடுத்துத் திருநீற்றுக்கு எதிர்ப்பக்கம்
ஒட்டிக்கொண்டு போனாள்.

மாசியில் ஒரு மத்தியானம்
தண்ணீர் குடிக்கத் திரும்பினேன்.
கோட்டை மான் பலகையில் வாய் வைத்துப்
பதினொரு சீட்டைத் தின்றுவிட்டது.
விரட்டினால் அசைபோட்டபடி நின்று பார்க்கிறது,
நான்தான் கடன்காரி என்பதுபோல.
தொடர் எண்கள், எனக்குப் பாடம்.
இரவு குலுக்கல் முடிவு வாசிக்கத் தொடங்க
வானொலியை நிறுத்தினேன்.

வருஷம் முடிந்து நாற்பது நாள்.
பை காசுப்பெட்டியில் கிடக்கிறது,
ஒரு பக்க நூல் பிசிறி.
ஜப்பானுக்கு அனுப்பத் தபால் கந்தோரில் கேட்டேன்:
மூன்று நாள் உழைப்பு.
எரிச்சு விடுங்கோ அக்கா, என்கிறான் நிஸ்தார்,
நெருப்பு எங்கேயும் நெருப்புத்தானே.

நேற்றுப் பத்திரகாளியின்
கற்பூரச் சட்டிவரை போனேன்.
தழல் காணாது.
காணாது என்று நினைத்துக்கொண்டேன்.
வெளியே வந்து
பெருவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தேன்.
உள்ளே ஏதோ அட்டை. மெல்லியது.
சீட்டு அளவுதான்.