வெயில் பார்க்கப் போனோம்

மார்கழி பிறந்தும் போகவில்லை மழை.
பதினோராவது நாளாக
வேளச்சேரிக்கு மேல் அதே சாம்பல் மூடி.
மின்விசிறியிலிருந்து ஜன்னலுக்குக் கொடி கட்டி
அதன் கீழே குனிந்து குனிந்து நடந்தோம்.
சுவரில் பூத்த பூஞ்சையை
இலங்கை என்றான் மகன்.
உப்பு ஜாடியில் தண்ணீர்.
குணாளனும் நானும் காரணமில்லாமல் சண்டை போட்டோம்,
பிறகு காரணத்தைக் கண்டுபிடித்து
அதற்காகவும்.

"வேலூர்ல வெயிலடிக்குதாம்"
என்றான் வெள்ளிக்கிழமை இரவு,
குறிஞ்சி பூத்திருக்காம் என்கிற குரலில்.

யாராவது வேலூருக்கு உல்லாசம் போவார்களா?
சித்திரையில் அந்தப் பேரைச் சொன்னாலே நாக்கு வறளும்.
ஆறுண்டு நீரில்லை என்று
அந்த ஊர்க்காரர்களே கேலி பேசும் ஊர்.
எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த இல்லைதான்.

இரண்டு பைகள். ஒன்றில் மாற்றுத்துணி.
இன்னொன்றில், சொன்னால் சிரிப்பீர்கள்,
நான்கு நாளாய்க் காயாத துணி.

அரக்கோணம் வரை கண்ணாடியில் மழை.
வாலாஜா ரோட்டில் மேகத்துக்கு ஒரு கிழிசல்.
காட்பாடியில் இறங்கினால்
நடைமேடையில் எங்களுக்கு நிழல் இருந்தது.
மகன் தன்னுடையதை மிதித்துப் பார்த்தான்.

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில் லாட்ஜ்.
"பேஷண்ட் யாரு சார்?"
"யாருமில்ல."
பேனா நின்றது.
"சும்மா, வெயிலுக்கு வந்தோம்."
பாகாயம் பஸ் எங்கே நிற்கும் என்று
சொல்ல வாயெடுத்தவர்போல் பார்த்தார்.
பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் மட்டும்
ஒரு கோடு இழுத்தார்.

மொட்டைமாடி.
சுற்றிலும் மொட்டை மலைகள்.
தோளில் கை போடும் பத்துமணி வெயில்.
கொடியில் பாதியை ஒதுக்கித் தந்தாள் ஷெஃபாலி.
மால்டாவிலிருந்து வந்து நாற்பத்தொரு நாள்.
அவளிடம் இருந்த தமிழ் இவ்வளவுதான்:
உட்காரு. நாளைக்கு வா.
சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டுக்குப் பின்.
அவள் புருஷன் சட்டைகள் எல்லாவற்றிலும்
இடது கையை வெட்டி ஓரம் அடித்திருந்தது.

"பேஷண்ட்?" என்றாள் என்னிடம்.
சொல்ல நா எழவில்லை.
கொடியைக் காட்டினேன்:
பள்ளிச் சீருடை, போர்வை, ஆறு காலுறை.
சிரித்துவிட்டாள்.
ஒரு காலுறையின் நாடியைப் பிடித்துப் பார்த்து
"நாளைக்கு வா" என்றாள் அதனிடம்.

அவள் ஊரில் இப்போது பனிமூட்டமாம்,
எதிரே வரும் மாடு தெரியாதாம்.
எப்படி என்று காட்டக் கண்ணை மூடினாள்.
மூடியபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.
நான் கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் வேறொன்றும் செய்யவில்லை நாங்கள்.
கோட்டை அகழி ஓரம் ஒரு மணி நேரம்.
ஆற்காட்டுப் பேடா கால் கிலோ.
முதுகு சுடச் சுடத் தூக்கம்.
சண்டையைப் பாதியில் விட்டது
ஞாயிறு மாலைதான் நினைவுக்கு வந்தது.

திங்கள் இரவு.
வேளச்சேரியில் இன்னும் தூறல்.
பையைத் திறந்ததும் அறையெல்லாம் வெயில் வாசம்,
கொஞ்சம் பினாயிலும்.
மடிக்க எடுத்த குவியலில்
எங்களுடையதல்லாத ஒரு சட்டை.
இடது கை இல்லை.

லாட்ஜுக்குப் போன் போட்டேன்.
"எட்டாம் நம்பரா? காலைலயே காலி பண்ணிட்டாங்களே."
ஊருக்கா என்று நான் கேட்கவில்லை.
அவரும் மேலே சொல்லவில்லை.

ஈரம் படாமல் அதை எங்கே வைப்பதென்று
வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.